ராமுக்கு மறதி வந்தால்...

ராத்திரி பதினோரு மணி. மறுநாள் காலையில் மேனேஜர் மேஜையில் இருந்தாகவேண்டிய கணக்கு. கடைசி ஷீட்டை முடித்துவிட்டு, ‘அப்பாடா’ என்று ‘சேவ்’ பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகிறீர்கள்.

பளிச்! திரை முழுக்க நீலம். நடுவில் அழுமூஞ்சியாய் ஒரு பொம்மை. (2025-ல் வந்த விண்டோஸில் நீலத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு போட்டுவிட்டார்கள். துக்கத்துக்குப் பொருத்தமான நிறம்தான்!)

அணைத்துப் போடுகிறீர்கள். சமர்த்தாக வேலை செய்கிறது. ‘சரி, ஏதோ திருஷ்டி’ என்று விட்டுவிடுகிறீர்கள். மறுநாள் பிரவுசர் தானாகவே மூடிக்கொள்கிறது. அதற்கு மறுநாள் நேற்றுவரை திறந்த ஃபைல், ‘நான் பழுதாகிவிட்டேன்’ என்கிறது. நாலாவது நாள் லேப்டாப்பை மனைவி பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடுகிறீர்கள்.

“என்ன சார் பிரச்னை?”

“திடீர் திடீர்னு செத்துடுதுப்பா...”

பையன் ஒரு தட்டு தட்டுகிறான். ஒரு முறை ஆன் செய்கிறான். “போர்டு போயிடுச்சு சார்!” என்கிறான், பல்லி விழுந்த பலன் சொல்கிற தோரணையில்.

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். போர்டு போயிருக்கலாம். ஆனால், போனது கட்டைவிரல் அகலத்தில் இருக்கிற ஒரு ‘ராம்’ ஸ்டிக்காகவும் இருக்கலாம். அதை நீங்களே வீட்டில், பைசா செலவில்லாமல் கண்டுபிடிக்க முடியும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மேஜையும் பீரோவும்

ஆபீஸில் ஃபைல்கள் எல்லாம் பீரோவில் இருக்கும். வேலை பார்க்கும்போது எடுத்து மேஜைமேல் பரப்பிக்கொள்வோம். வேலை முடிந்ததும் திரும்ப பீரோ. லேப்டாப்பில் பீரோ என்பது ஹார்டு டிஸ்க், அல்லது இப்போது வருகிற எஸ்.எஸ்.டி. மேஜைதான் ராம்.

பீரோவிலிருந்து வருகிற எதுவும் மேஜையைத் தொடாமல் உங்கள் கண்ணுக்கு வராது. நீங்கள் எழுதுகிற எதுவும் மேஜையைத் தொடாமல் பீரோவுக்குப் போகாது. விஷயத்தின் ஆபத்தே இங்கேதான் இருக்கிறது. மேஜையில் கரையான் இருந்தால், பீரோ எவ்வளவு உசத்தியான கோத்ரெஜாக இருந்தும் பிரயோஜனமில்லை. கரையான் தின்ற காகிதத்தைத்தான் பத்திரமாகப் பூட்டி வைக்கப் போகிறோம்!

உதாரணத்துக்கு உங்கள் சம்பளம் 25,000 என்று ராமில் எழுதியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு வரிசை. அதில் ஒரே ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறினால், சம்பளம் 29,096 ஆகிவிடலாம். ‘ஆஹா!’ என்கிறீர்களா? வேறொரு இடத்தில் ஒரு ஒன்று பூஜ்யமாக மாறினால் அதே சம்பளம் 8,616. இப்போது சொல்லுங்கள், ராம் முக்கியமா, இல்லையா?

ஓட்டைக் குடங்கள்

ராம் ஏன் மறக்கிறது? உண்மையில் ராமின் பிறவிக்குணமே மறதிதான்.

1966-ல் ஐ.பி.எம். கம்பெனியில் ராபர்ட் டென்னார்ட் என்கிற இன்ஜினீயருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு தகவல் துளியை, அதாவது ஒரு ‘பிட்’டை வைத்துக்கொள்ள ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு குட்டி கெபாசிட்டரும் போதும். கெபாசிட்டரில் மின்சாரம் நிரம்பியிருந்தால் ஒன்று. காலியென்றால் பூஜ்யம். 1968-ல் பேட்டன்ட் கிடைத்தது. உங்கள் லேப்டாப், செல்போன் எல்லாவற்றிலும் இன்றுவரை ஓடுவது அந்த யோசனைதான். டென்னார்ட் 2024-ல் காலமானார்.

ஒரே சிக்கல், அந்த கெபாசிட்டர் ஓர் ஓட்டைக் குடம். ஊற்றின மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். காலியாவதற்குள் வந்து, ‘இது நிரம்பின குடமா, காலிக் குடமா?’ என்று பார்த்து, நிரம்பின குடமாக இருந்தால் மறுபடி ஊற்றிவிட்டுப் போகவேண்டும். வழக்கமான கணக்கு, 64 மில்லி செகண்டுக்குள் எல்லாக் குடத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். அதாவது செகண்டுக்குப் பதினைந்து தடவைக்கு மேல்! 8 ஜி.பி. ராமில் இப்படிச் சுமார் 6,870 கோடி குடங்கள்.

இத்தனை கோடியில் ஒரே ஒரு குடம் கொஞ்சம் அதிகமாகக் கசிந்தால் போதும். ஊற்ற வருவதற்குள் காலி. ஒன்று பூஜ்யமாகிவிடும். அந்தக் குடத்தில் அன்றைக்கு என்ன இருந்தது என்பதைப் பொறுத்து உங்கள் தலையெழுத்து. ஏதோ ஒரு போட்டோவின் மூலையில் ஒரு புள்ளி என்றால் நிறம் மாறும், யாரும் கவனிக்கமாட்டார்கள். விண்டோஸின் உயிர்நாடி என்றால் நீலத் திரை. கணக்கு என்றால்... மேனேஜர் முகத்தின் நிறம் மாறும்.

பெல்ஜியத்தில் முளைத்த 4,096 ஓட்டு

2003 மே மாதம். பெல்ஜியத்தில் பொதுத்தேர்தல். ஸ்கார்பேக் என்ற ஊரில் எலெக்ட்ரானிக் முறையில் ஓட்டு எண்ணினார்கள். ஒரு வேட்பாளருக்கு விழவே முடியாத அளவுக்கு ஓட்டுகள் விழுந்திருந்தன. கள்ள ஓட்டு போட நம்மூர் ஆசாமி யாரும் அங்கே போகவில்லை! திரும்ப எண்ணிப் பார்த்தால், சரியாக 4,096 ஓட்டு அதிகம்.

4,096 என்பது கம்ப்யூட்டர்காரர்களுக்கு நெருங்கிய சொந்தம். பன்னிரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது. அதாவது, வரிசையில் பதின்மூன்றாவது பிட் மட்டும் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகக் குதித்திருக்கிறது. புரோகிராமை அலசினார்கள். தப்பு எதுவும் அகப்படவில்லை. ‘எங்கிருந்தோ வந்த ஒரு காஸ்மிக் துகள் மெமரியைத் தாக்கியிருக்கலாம்’ என்பதுதான் கடைசியில் சொல்லப்பட்ட விளக்கம். நிரூபிக்க வழியில்லை. குற்றவாளி ஒரு நொடியில் வந்து போய்விட்டானே!

‘அப்ப என் லேப்டாப்பையும் ஆகாசத்திலேர்ந்து வந்து அடிச்சிருக்குமோ?’ என்று கற்பனையில் மிதக்காதீர்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும் கூகுள் நிறுவனத்தாரும் சேர்ந்து கூகுளின் ஏராளமான சர்வர்களை இரண்டரை வருஷம் கண்காணித்து 2009-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எட்டுக்கும் அதிகமான மெமரி ஸ்டிக்குகள் ஏதாவது ஒரு தப்பு செய்தன. அவற்றில் பெரும்பாலானவை வானத்தின் விளையாட்டு அல்ல, ஸ்டிக்கின் சொந்தக் கோளாறு என்பதுதான் அவர்கள் முடிவு. வயசாக ஆக தப்பும் அதிகமானது. மனுஷனுக்குச் சொல்வதுதான் மெமரிக்கும்!

நாடி பிடிக்கலாமா?

ராம் கோளாறின் முதல் லட்சணம், ஒழுங்கின்மை. ஒரே புரோகிராம் ஒரே இடத்தில் செத்தால், அது அந்தப் புரோகிராமின் தப்பு. அரை மணி நேரம் ஓடி, அடியில் கை வைக்கமுடியாமல் கொதித்து அணைந்தால், ஃபேனில் தூசி. எல்லாமே ஆமை வேகத்தில் நகர்ந்தால், டிஸ்க்கைப் பாருங்கள். ஆனால், இன்றைக்கு வேர்டு, நாளைக்கு பிரவுசர், நாளன்றைக்கு விண்டோஸ், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் என்று பொய் சொல்கிற பையன் மாதிரி நடந்துகொண்டால் ராம் மேல் சந்தேகப்படலாம்.

டவுன்லோடு செய்த பெரிய ‘ஜிப்’ ஃபைல் ஒரு தடவை பிரிகிறது, ஒரு தடவை பிரியமாட்டேன் என்கிறது... விண்டோஸைப் புதிதாகப் போட்டால் பாதியில் நிற்கிறது... இதெல்லாமும் அதே ஜாதகம். முழுசாகவே படுத்துவிட்டால் திரை இருட்டாக இருக்கும். பீப் பீப் என்று சத்தம் வரும், அல்லது ‘காப்ஸ் லாக்’ விளக்கு கண்ணடிக்கும். எத்தனை தடவை கண்ணடித்தால் என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவர்கள் கையேட்டில் போட்டிருப்பார்கள்.

‘நமக்கு மட்டும்தான் இப்படியா?’ என்று நொந்துகொள்ள வேண்டாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இந்தக் கதி! 2022 அக்டோபரில் அவருடைய கம்ப்யூட்டரில் புரோகிராம்கள் கண்டபடி செத்து விழுந்தன. முதலில் லினக்ஸிலேயே ஏதோ புதுக்கோளாறு என்றுதான் சந்தேகப்பட்டார். கடைசியில் பார்த்தால், ஒரு மெமரி ஸ்டிக் கெட்டுப்போயிருந்தது. புது மெமரி வருகிறவரை லேப்டாப்பை வைத்து ஒப்பேற்றினார்.

முதல் காரியம்... எதையும் செய்யாதீர்கள்!

ராம் மேல் சந்தேகம் வந்ததும் நம்மாட்கள் முதலில் செய்வது, ‘எதுக்கும் எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குவோம்’ என்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டி, கல்யாண ஆல்பத்திலிருந்து வருமான வரி ரிட்டர்ன் வரை அதில் தள்ளுவது. ரொம்பத் தப்பு!

காப்பி எடுப்பதும் அந்தக் கரையான் மேஜை வழியாகத்தான். போன மாதம் எடுத்த நல்ல காப்பியின் மேலேயே இந்தப் பழுதான காப்பியைப் போட்டு மூடிவிட்டால், இரண்டும் போச்சு. குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவில் பாதி சாம்பல் நிறமாக இருப்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியவரும். அப்போது அழுது என்ன புண்ணியம்? நீலத் திரை வந்தால் கோளாறு தெரிந்துவிடுகிறது. சத்தமே போடாமல் ஃபைலைக் கெடுக்கிற ராம்தான் நிஜமான வில்லன்.

ஆகவே பழைய காப்பியைத் தொடாதீர்கள். முதலில் கெட்ட ஸ்டிக்கை அடையாளம் கண்டு கழற்றுங்கள். அதன்பிறகு காப்பி எடுங்கள், அதுவும் புது ஃபோல்டரில். அல்லது டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுக்கலாம். விண்டோஸில் ‘பிட்லாக்கர்’ பூட்டு போட்டிருந்தால், அதன் 48 இலக்க ரெக்கவரி எண் இல்லாமல் வேறு மெஷினில் டிஸ்க் திறக்காது. அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த லேப்டாப்பிலேயே அல்ல சார்... காகிதத்தில்!

ராமுக்கு ஒரு பரீட்சை

விண்டோஸிலேயே ஒரு பரீட்சை இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று டைப் அடித்தால் வரும். லேப்டாப் ஒருமுறை அணைந்து, நீலப் பின்னணியில் டெஸ்ட் ஓடும். ஓடும்போதே ‘எஃப் 1’ பொத்தானைத் தட்டி ‘எக்ஸ்டென்டட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ‘எஃப் 10’ அடித்தால் இன்னும் கடுமையான பரீட்சை. முடிவு, மறுபடி உள்ளே நுழைந்ததும் திரையில் தெரியும்.

இதில் ஃபெயிலானால் ஃபெயில்தான். பாஸானால்? முழுசாக நம்பவேண்டாம். பக்கத்து வீட்டு வாத்தியார் போட்ட மார்க் மாதிரி. அடுத்த பரீட்சைக்கு அனுப்புங்கள். அதன் பெயர் ‘மெம்டெஸ்ட் 86’. 1994-ல் கிறிஸ் பிரேடி என்பவர் எழுதிய புரோகிராமின் வம்சம். இலவசமாகக் கிடைக்கிறது. வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்து ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் லேப்டாப்பை எழுப்பவேண்டும். விண்டோஸ் மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது என்பதால், கிட்டத்தட்ட முழு மேஜையையும் துடைத்துப் பார்க்கமுடியும்.

வேலை எளிமைதான். எல்லாக் குடத்திலும் பூஜ்யம் எழுதும். திரும்பப் படித்துப் பார்க்கும். பிறகு ஒன்று எழுதும், படிக்கும். ஒன்றுவிட்டு ஒன்று எழுதும். பக்கத்துக் குடத்தை ஆட்டிப் பார்த்து இந்தக் குடம் தளும்புகிறதா என்று சோதிக்கும். எழுதியது ஒன்று, படித்தது வேறு என்றால் சிவப்பு வரி.

சார்ஜரை மாட்டி, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். குறைந்தது நாலு சுற்றாவது ஓடட்டும். சில குடங்கள் சூடானபிறகுதான் கசியும். காலையில் வந்து பார்த்தால் ஒரே ஒரு தப்பு இருக்கிறது. ‘6,870 கோடியில் ஒண்ணுதானே’ என்று பெருந்தன்மை காட்டாதீர்கள். ராமில் பாஸ் மார்க் நூற்றுக்கு நூறு!

பிரித்து மேய்வோம்!

லேப்டாப் வாரன்டியில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். டெஸ்ட் ரிசல்ட்டை செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு நேராக சர்வீஸ் சென்டர். வாரன்டி முடிந்த துணிச்சல்காரர்கள் மட்டும் மேலே வாருங்கள்.

மெஷினை முழுசாக அணையுங்கள். ‘ஸ்லீப்’ போதாது. சார்ஜரைப் பிடுங்குங்கள். ஏதாவது ஓர் இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். நம் விரலில் சுருக்கென்று உணர்வதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிப்பைச் சாகடிக்க அதைவிட ரொம்பக் குறைவு போதும். நமக்குத் தெரியாமலேயே கொலை நடந்துவிடும்.

அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் ஒரு காகிதத்தில் வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். ரப்பர் காலுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். மூடி வரமாட்டேன் என்றால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், பழைய ஏ.டி.எம். கார்டு போதும். உள்ளே முதல் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுவது.

ராம் ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் இரண்டு கொக்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் வெளிப்பக்கமாகத் தள்ளினால், ஸ்டிக் தானே தலையைத் தூக்கும். அப்படியே சாய்வாக இழுக்கவேண்டியதுதான். தங்கநிறப் பற்களில் விரல் படக்கூடாது.

இரண்டு ஸ்டிக் இருந்தால், ஒன்றை மட்டும் மாட்டி டெஸ்ட். பிறகு இன்னொன்று. எதில் தப்பு வருகிறதோ அதுதான் திருடன் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அதே ஸ்டிக்கை அடுத்த ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். தப்பு ஸ்டிக்கோடு கூடவே வந்தால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கை மாட்டினாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் தப்பு வந்தால், ஸ்லாட் அல்லது போர்டு. அப்போது கடைப் பையன் சொன்னது சரி. மானசீகமாக ஒரு மன்னிப்பு கேட்டுவிடுங்கள்.

சில சமயம் கழற்றி மாட்டியதுமே எல்லாம் சரியாகிவிடும். நம் ஊரில் பிரசித்தமான ‘அழிரப்பர் வைத்தியம்’ பலிப்பதும் பாதி இதனால்தான். பற்களில் படிந்த அழுக்கால் தொடர்பு விட்டுப்போயிருக்கும். ரப்பர் போட்டுத் தேய்த்தால் அழுக்கு போவது நிஜம்தான். கூடவே தங்கப்பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழும். அதற்குப் பதிலாக, மருந்துக்கடையிலோ எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டு ஒற்றியெடுங்கள். காய்ந்தபிறகு மாட்டுங்கள். அந்த ஆல்கஹாலை வேறு உபயோகத்துக்கு நினைத்துப் பார்க்கவே கூடாது. விஷம்!

புதுசு வாங்கும்போது...

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் “ஒரு எட்டு ஜி.பி. குடுங்க” என்றால் கடைக்காரர் சிரிப்பார். எந்தத் தலைமுறை என்று சொல்லவேண்டும். லேப்டாப் ஸ்டிக்கில் டி.டி.ஆர். 3-க்கு 204 பற்கள், டி.டி.ஆர். 4-க்கு 260, டி.டி.ஆர். 5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று போகாது. பலவந்தப்படுத்தினால் ஸ்லாட் போகும். டி.டி.ஆர். 3-லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு ஜாதி உண்டு. சுலப வழி, பழைய ஸ்டிக்கைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுவது.

பழைய ஸ்டிக்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். தனியாக வாங்கிப் போட்ட ஸ்டிக்காக இருந்தால், பெயர்பெற்ற கம்பெனிகள் பலவும் வருஷக்கணக்கில், சிலது ‘லைஃப்டைம்’ என்றே வாரன்டி கொடுக்கின்றன. பில் இருந்தால் புதுசே கிடைக்கலாம். 2025 பிற்பகுதியில் ஏ.ஐ. கம்ப்யூட்டர்களுக்காக உலகத்து மெமரியையெல்லாம் பெரிய கம்பெனிகள் வாரிக்கொள்ள, ராம் விலை ராக்கெட்டாக ஏறியது. அதனால் பில்லைத் தேடுகிற சிரமம் வீண்போகாது.

புது ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, கீழே அமுக்கினால் ‘க்ளிக்’ என்று கொக்கி பிடிக்கவேண்டும். டி.டி.ஆர். 5 என்றால் முதல் தடவை திரை சில நிமிஷம் இருட்டாகவே இருக்கும். புது மருமகளைப் புரிந்துகொள்ள மாமியாருக்கு நேரம் வேண்டாமா? பயந்துபோய் அணைத்துவிடாதீர்கள். எழுந்ததும் மறுபடி ஒரு ராத்திரி மெம்டெஸ்ட். புதுசும் கெட்டதாக வருவது உண்டு.

கழற்ற முடியாத ராம்

மூடியைத் திறந்தால் ஸ்டிக்கையே காணோமா? போர்டிலேயே வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். ஆப்பிளின் மேக்புக் ஏர் 2008-ல் வந்த நாளிலிருந்தே இப்படித்தான். ஒல்லி லேப்டாப்புகள் பலவும் அந்த வழியில் போய்விட்டன. அதில் ராம் கெட்டால், சிப்பை மாற்றத் தெரிந்த கைதேர்ந்த ஆள் வேண்டும், இல்லையென்றால் போர்டையே மாற்றவேண்டும். லினக்ஸிலும் விண்டோஸிலும், ‘இந்தக் குடத்தைத் தொடாதே’ என்று கெட்ட இடத்தை மட்டும் ஒதுக்கிவைக்கக் கட்டளைகள் உண்டு. ஆனால், அது ஆடுகிற பல்லுக்குப் பஞ்சு வைக்கிற வேலை. முக்கியமான கணக்கை அதில் போடாதீர்கள். அடுத்த லேப்டாப் வாங்கும்போது, “ராம் கழற்ற முடியுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் மருந்தே இல்லையா என்றால், 1950-லேயே இருக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்கிற கணித மேதை சனி, ஞாயிறில் கம்ப்யூட்டருக்கு வேலை கொடுத்துவிட்டுப் போவார். ஏதாவது தப்பு வந்தால் அவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும் அந்த மெஷின். திங்கள்கிழமை வந்து பார்த்தால் வெறும் கை. ‘தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மெஷினுக்கு, எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா?’ என்ற எரிச்சலில் பிறந்ததுதான் தப்பைத் தானே திருத்தும் கணக்குமுறை. பாங்க் சர்வர்களில் 64 பிட்டுக்குக் காவலாக 8 பிட் கூடுதலாக வைத்து இன்றைக்கும் அந்த வழியில் திருத்துகிறார்கள். நம் லேப்டாப்புகளில் பெரும்பாலும் அந்தக் காவலாளி இல்லை. செலவு மிச்சமாம்!

கடைசியாக ஒன்று. ராம் மாற்றியதோடு வேலை முடியவில்லை. கோளாறு தொடங்கிய நாளுக்குப் பிறகு எழுதிய முக்கியமான ஃபைல்களைத் திறந்து ஒருமுறை பாருங்கள். கூட்டுத்தொகைகளைச் சரிபாருங்கள். மேனேஜருக்கு அனுப்பிய அந்தக் கணக்கையும்தான்.

அதில் உங்கள் சம்பளம் 29,096 என்று இருந்தால்... மனசாட்சியோடு திருத்திவிடுங்கள். 8,616 என்று இருந்தால் மட்டும், மேனேஜர் பார்ப்பதற்குள் ஓடுங்கள். அவர் அதையே சரி என்று சொல்லிவிடப்போகிறார்!